பாண்ட் சிரிக்கலாமா? ஒரு எடிட்டரின் பதில்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு டேனியல் கிரேக் நடித்த ஜேம்ஸ் பாண்ட் படங்கள் பிடிக்கும். உங்கள் மாமாவுக்கு ரோஜர் மூர்தான் பாண்ட், மற்றவர்கள் எல்லாம் ‘சும்மா முறைக்கிற ஆட்கள்’. பொங்கலுக்குக் கூடினாலும் கல்யாணத்தில் பார்த்தாலும் இதே சண்டை. பாண்ட் படம் ஜாலியாக இருக்க வேண்டுமா, சீரியஸாக இருக்க வேண்டுமா, யாராவது தீர்த்து வையுங்கள் என்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் நீங்களே போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: மூர் படங்களிலும் சில ஜோக்குகளுக்கு விழுந்து விழுந்து சிரிக்கிறேன், சிலதைப் பார்த்தால் டிவியை அணைக்கத் தோன்றுகிறது, ஏனென்று தெரியவில்லை. உண்மையான கேள்வி அதுதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கு என்னால் கொஞ்சம் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் 22 வருடமாக எடிட்டர். சீரியல், விளம்பரம், ஆவணப்படம், நடுவில் நாலைந்து சினிமா. பாண்ட் படத்தின் பக்கத்தில்கூடப் போனதில்லை. ஆனால் ஒரு ஜோக்கை எங்கே வைத்தால் தியேட்டர் சிரிக்கும், எங்கே வைத்தால் காட்சியே செத்துப்போகும் என்பது எடிட்டிங் டேபிளில் நாங்கள் தினமும் நடத்துகிற பஞ்சாயத்து. அந்தக் கண்ணோடு பார்த்ததைச் சொல்கிறேன்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். ‘ஆரம்பத்தில் சீரியஸாக இருந்தது, மூர் வந்துதான் காமெடி ஆக்கினார்’ என்று கிரேக் ரசிகர்கள் சொல்வது சரியில்லை. 1962-இல் வந்த முதல் படமான ‘டாக்டர் நோ’விலேயே சிரிப்பு இருக்கிறது. பாண்டைத் துரத்தி வரும் சவ வண்டி மலையிலிருந்து உருண்டு எரிகிறது. என்ன நடந்தது என்று கேட்பவரிடம், ஏதோ சாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது என்கிறார் பாண்டாக நடித்த ஷான் கானரி. அதே படத்தில் வில்லனின் மாளிகையில் ஒரு ஓவியத்தைப் பார்த்துப் படியில் ஒரு நொடி நிற்பார். அது கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் உருவப்படம். முந்தைய வருடம், 1961-இல், லண்டன் நேஷனல் கேலரியிலிருந்து நிஜமாகவே திருடு போயிருந்தது. ‘ஓ, திருடியது இவர்தானா’ என்று அன்றைய லண்டன் தியேட்டர் சிரித்திருக்கும். வசனமே இல்லாத ஜோக். இன்று பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே ஒரு ஜோக் இருப்பதே தெரியாது.

இயக்குநர் டெரன்ஸ் யங் இதைத் தெரிந்தேதான் செய்தார். படத்தில் இருந்த வன்முறையும் படுக்கையறைக் காட்சிகளும் அன்றைய தணிக்கையில் மாட்டிக்கொள்ளக் கூடியவை. கொஞ்சம் கிண்டல் கலந்துவிட்டால் பார்க்கிறவர்களின் முறைப்பு தளர்ந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. ஆனால் எல்லை எங்கே என்பதும் அப்போதே பேசப்பட்டிருக்கிறது. திரைக்கதையின் ஆரம்ப வடிவம் ஒன்றில் டாக்டர் நோ என்பது ஒரு குரங்கு! தயாரிப்பாளர் ஆல்பர்ட் ப்ரோக்கலி அதைத் தூக்கிப் போட்டுவிட்டார். உங்கள் வீட்டுச் சண்டை படம் எடுப்பதற்கு முன்னாலேயே தயாரிப்பு அலுவலகத்தில் நடந்து முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாவல்கள் சுத்த சீரியஸ் என்பதும் முழு உண்மை இல்லை. இயான் ஃப்ளெமிங்கின் பாண்ட் சினிமா பாண்டைப் போல வாயாடி இல்லை, சரி. ஆனால் 1954-இல் வந்த ‘லிவ் அண்ட் லெட் டை’ நாவலில் பாண்டின் நண்பன் ஃபீலிக்ஸ் லைட்டரைச் சுறாவுக்குப் போட்டு, பாதி உயிராகத் திருப்பி அனுப்புவார்கள். கூடவே ஒரு சீட்டு. தன்னைத் தின்ற ஒன்றோடு இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அதில் எழுதியிருக்கும். சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்போமே, அதைத் தலைகீழாகத் திருப்பிய குரூரமான ஜோக். இந்தச் சீட்டு அப்படியே திரைக்கு வந்தது எந்தப் படத்தில் தெரியுமா? 1989-இல் டிமதி டால்டன் நடித்த ‘லைசென்ஸ் டு கில்’. தொடரிலேயே மிகக் கடுமையான படம் என்று பெயர் எடுத்தது, பிரிட்டனில் 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை என்ற சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படம். அதில் வருகிற மிக இருண்ட நிமிடமே ஒரு ஜோக்கில்தான் தொங்குகிறது.

ஆகவே எத்தனை ஜோக் என்று எண்ணிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை. நான் பார்ப்பது வேறு: ஜோக்கை அடிப்பது யார், எப்போது அடிக்கிறார்கள்? பாண்ட் என்கிற ஆள் அடிக்கிறாரா, இல்லை படமே அடிக்கிறதா? ஆபத்து முடிந்த பிறகு வருகிறதா, ஆபத்தின் மேலேயே ஏறி உட்காருகிறதா? உங்களைச் சிரிக்க வைப்பதும் டிவியை அணைக்க வைப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டு விஷயங்கள்தான்.

இரண்டுமே மூர் படங்களிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன், மாமா கோபித்துக்கொள்ள மாட்டார். முதலாவது 1974, ‘தி மேன் வித் த கோல்டன் கன்’. தாய்லாந்தில் கார் துரத்தல். பாதி இடிந்து முறுக்கிக்கொண்டு நிற்கும் ஒரு பாலம். மூர் அதையே சறுக்குப்பலகையாக வைத்து வாய்க்காலைத் தாண்டுகிறார். கார் நடுவானில் பம்பரம் மாதிரி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, எதிர்க்கரையில் நாலு சக்கரமும் பதிய இறங்கி ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கிடையாது, நிஜமான கார், உள்ளே நிஜமான ஆள். வேகம், எடை, சாய்வு எல்லாவற்றையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டிருந்தார்கள். எடை சமமாக இருக்க வேண்டும் என்று ஸ்டியரிங்கைக் காரின் நடுவுக்கு மாற்றினார்கள். ஒரே டேக்கில் எடுத்தார்கள். சினிமா வரலாற்றில் அழகான ஸ்டன்ட்டுகளை வரிசைப்படுத்தினால் இதற்கு ஓர் இடம் உண்டு. அந்தச் சுழற்சியின் மேல் என்ன ஒலி வைத்தார்கள்? சர்க்கஸ் கோமாளி வழுக்கி விழும்போது வருமே, ‘ஃபூ…ஈ…ஊப்’ என்று இழுத்து ஊதுகிற விசில். இசையமைப்பாளர் ஜான் பேரியே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார்.

இரண்டாவது, மூன்று வருடம் கழித்து, 1977, ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’. பனிமலையில் பாண்டைத் துரத்துகிறார்கள். சறுக்கிக்கொண்டே வந்தவர் மலை விளிம்பைத் தாண்டி வெளியே போய்விடுகிறார். கனடாவின் பாஃபின் தீவில் இருக்கும் ஆஸ்கார்ட் மலையில் எடுத்தது, குதித்தவர் ரிக் சில்வெஸ்டர். அவர் விளிம்பைத் தாண்டிய கணத்தில் இசை நின்றுவிடுகிறது. வெறும் காற்று. புள்ளி மாதிரி ஓர் உருவம் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கிறது. கட் இல்லை. கழற்றிவிட்ட பனிச்சறுக்குப் பலகை ஒன்று விரியப் போகும் பாராசூட்டை உரசிக்கொண்டு போவதைக்கூடப் பார்க்கலாம், அது கொஞ்சம் மாட்டியிருந்தால் ஆள் காலி. நாம் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது பாராசூட் விரிகிறது. அதில் முழுசாக பிரிட்டிஷ் கொடி! அந்த நொடியில் பாண்டின் தீம் இசை வெடிக்கிறது. தியேட்டரில் விசில் பறக்கும்.

யோசித்துப் பாருங்கள். உளவாளி என்பவன் ஒளிந்து வாழ வேண்டியவன், அவன் தன் நாட்டுக் கொடியில் தொங்கிக்கொண்டு இறங்குகிறான். கோமாளி விசிலைவிட இதுதான் பெரிய கேலிக்கூத்து. ஆனாலும் வேலை செய்கிறது. காரணம், அந்த விழுதலை முழுசாக நம்மிடம் கொடுத்துவிட்டார்கள். பயத்துக்கு உரிய நேரத்தைப் பயத்துக்கே விட்டுவிட்டு, அது தீர்ந்த பிறகு சிரிப்பை வைத்தார்கள். 1974-இல் பயத்தின் மேலேயே விசிலை ஊதி, ‘கவலைப்படாதே, ஒன்றும் ஆகாது’ என்று நம் காதில் சொல்லிவிட்டார்கள். ஒன்றும் ஆகாது என்று தெரிந்தபின் அந்த ஓட்டுநர் பட்ட பாடெல்லாம் வீண்.

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன் என்பதால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ஒரு சின்னப் படத்தில் நாயகன் இரண்டாவது மாடியிலிருந்து வைக்கோல் வண்டியில் குதிக்கிற காட்சி. ஸ்டன்ட் பையன் நிஜமாகவே குதித்து, முழங்கை பெயர்ந்து பத்து நாள் கட்டுப் போட்டிருந்தான். ரஷ்ஷில், அதாவது வெட்டாத காட்சியாக, பார்த்தபோது எங்களுக்கே பக்கென்றிருந்தது. அப்புறம் ‘கொஞ்சம் டல்லாக இருக்கிறதே’ என்று யாரோ சொல்ல, நான் ஒரு ‘பொய்ங்’ சத்தம் சேர்த்தேன். அறையில் எல்லோரும் சிரித்தோம். தியேட்டரிலும் சிரித்தார்கள். அடுத்த இருபது நிமிடத்துக்கு வில்லன் கத்தி எடுத்தாலும் சிரித்தார்கள். அந்தப் பையன் முதல் நாள் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, ‘அண்ணே, நான் குதிச்சதே தெரியல’ என்றான்.

பாண்ட் தொடரில் இதே பாடத்தின் இரண்டு பக்கமும் ஒரே ஆளிடம் இருப்பதுதான் எனக்கு வேடிக்கை. அந்தப் பனிமலைக் காட்சியை இரண்டாம் யூனிட்டோடு (ஸ்டன்ட் மாதிரியான காட்சிகளைத் தனியே எடுக்கும் குழு) போய் எடுத்து வந்து, படத்தையும் எடிட் செய்தவர் ஜான் க்ளென். இரண்டு வருடம் கழித்து ‘மூன்ரேக்கர்’ படத்தையும் அவர்தான் எடிட் செய்தார். வெனிஸில் பாண்டின் படகு தரையேறி, சான் மார்க்கோ சதுக்கத்தின் நடுவே கார் மாதிரி ஊர்ந்து போகும். கூட்டம் வாய் பிளந்து பார்க்கும். அதோடு விட்டிருக்கலாம். ஒரு புறா திரும்பிப் பார்த்து, நம்ப முடியாமல் இன்னொரு தடவை பார்க்கும்! புறா அப்படிச் செய்யவில்லை, ஃபிலிமை முன்னும் பின்னும் ஓட்டிச் செய்ய வைத்தார்கள். உங்களை டிவியை அணைக்க வைத்தது அந்தப் புறாவாக இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். அங்கே பாண்ட் ஒரு ஜோக்கும் அடிக்கவில்லை. எடிட்டர் அடித்தார், அதாவது என் சாதிக்காரர்.

அதே க்ளென் 1981-இல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’யை இயக்கினார். அதில் ஒரு கொலைகாரனின் கார் மலை விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும். மூர் நிதானமாக நடந்து வந்து, காரைக் காலால் உதைத்துத் தள்ளுவார். என் பாண்ட் இப்படிச் செய்யமாட்டான் என்று மூர் தயங்கினார், க்ளென் விடவில்லை. உதைத்த பிறகுதான் அந்த ஒற்றை வரி வரும்: அவனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது. ஜோக்தான். ஆனால் மூர் சிரிக்காமல் சொல்வதால் நமக்குக் கொஞ்சம் சில்லிடும். தன் நடிப்பே இடது புருவம், வலது புருவம் அவ்வளவுதான் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்ட மனிதர், அந்த ஒரு ஷாட்டில் கானரிக்குச் சளைத்தவரில்லை. அதே படம் கடைசியில் மார்கரெட் தாட்சர் வேடமிட்ட நடிகையோடு கிளி பேசுவதாக முடியும். ஒரே இயக்குநர், ஒரே படம்.

மாமாவுக்கு ஆதரவாக நான் எடுத்து வைக்கும் படம் ‘ஆக்டோபஸி’, 1983. உதய்ப்பூரில் எடுத்தது, நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் விஜய் என்ற பெயரிலேயே வருவார். ஆட்டோ துரத்தலில் அவர் டென்னிஸ் மட்டையால் அடிக்க, சுற்றி நிற்கும் கூட்டம் டென்னிஸ் மேட்ச் பார்ப்பது மாதிரி இடமும் வலமும் தலையைத் திருப்பும். அப்புறம் காட்டில் மூர் கொடியைப் பிடித்துத் தாவும்போது டார்ஜான் கூவல் வேறு. அது கோமாளி விசிலின் தம்பி, அதை என்னால் காப்பாற்ற முடியாது. ஆனால் கடைசிப் பகுதியைப் பாருங்கள். சர்க்கஸுக்குள் அணுகுண்டு. பாண்ட் உள்ளே நுழைய ஒரே வழி கோமாளி வேஷம். முகமெல்லாம் சாயம் பூசிக்கொண்டு ‘இங்கே குண்டு இருக்கிறது’ என்று கெஞ்சுகிறார், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. படத்துக்குள் இருக்கிறவர்கள் சிரிக்கச் சிரிக்க நமக்கு வயிறு பிசைகிறது. கோமாளியை வைத்து இவ்வளவு பதற்றத்தை உண்டாக்கியது பாண்ட் படங்களில் இது ஒன்றுதான் என்பேன்.

அதே படத்தில் எனக்கு ஆகவே ஆகாத ஜோக்கும் உண்டு. சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தில் கொஞ்சத்தைத் தன்னோடு வேலை செய்யும் இந்தியர் கையில் திணித்து, இன்னும் சில வாரக் குழம்புக்கு ஆச்சு என்கிற பொருளில் பாண்ட் பேசுவார். ஆபத்து எதுவும் இல்லாத இடம்தான், சொல்வதும் பாண்ட்தான். என் இரண்டு கேள்விகளிலும் பாஸாகிவிடும். இருந்தாலும் கசக்கிறது. வில்லன்மேல் விழாமல் கூட இருக்கிறவன்மேல் விழுகிற ஜோக் அது. என் அளவுகோலுக்கு எட்டாத இடங்கள் உண்டு என்று காட்டத்தான் இதைச் சொன்னேன்.

சரி, வசூலை வைத்துத் தீர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். முடியாது. புறா வந்த ‘மூன்ரேக்கர்’ உலகம் முழுக்க 21 கோடி டாலர் வசூலித்தது, 1995 வரை எந்த பாண்ட் படமும் அதை எட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத கார் வந்ததே, 2002-இல் ‘டை அனதர் டே’, அதுவும் அதுவரை வந்த பாண்ட் படங்களில் அதிக வசூல். அவ்வளவு சம்பாதித்தும் தயாரிப்பாளர்கள் அந்தப் பாதையை மூடிவிட்டு 2006-இல் ‘கசினோ ராயல்’ படத்தில் கிரேக்கை வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், அதன் வசூல் முந்தையதைத் தாண்டியது. ‘லைசென்ஸ் டு கில்’ சீரியஸாக இருந்ததால் அமெரிக்காவில் படுத்தது என்பார்கள். அந்தக் கோடையில் அது பேட்மேனோடும் இந்தியானா ஜோன்ஸோடும் மோத வேண்டியிருந்தது. அதற்குப் பின் ஆறு வருடம் பாண்ட் படமே வராததற்கு முக்கியக் காரணம் நிறுவனங்களுக்கு இடையே நடந்த வழக்கு, டால்டனின் முகபாவம் இல்லை.

இப்போது உங்கள் கட்சி. கிரேக் படங்களில் காமெடி இல்லை என்பது நீங்களும் மாமாவும் சேர்ந்தே நம்புகிற பொய். 1997-இல் ‘ஆஸ்டின் பவர்ஸ்’ என்ற நையாண்டிப் படம் வந்து பாண்ட் படங்களின் எல்லாச் சடங்குகளையும் கிண்டலடித்த பிறகு பழைய மாதிரி ஜோக் அடிக்க முடியாமல் போய்விட்டது என்று கிரேக்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அதனால் ஜோக்குகள் வாயிலிருந்து உடம்புக்கு மாறின. ‘கசினோ ராயல்’ ஆரம்பத் துரத்தலை ஞாபகப்படுத்துங்கள். முன்னால் ஓடுகிற செபாஸ்டியன் ஃபூக்கான் சுவரின் மேல் இருக்கும் சின்ன இடைவெளிக்குள் மீன் மாதிரி நழுவிப் போவார். பின்னால் வரும் கிரேக் என்ன செய்யப் போகிறார் என்று பார்த்தால், பலகைச் சுவரை அப்படியே உடைத்துக்கொண்டு வெளியே வருகிறார். தியேட்டர் சிரிக்கும். அந்த ஒரு வெட்டில் இவன் எப்படிப்பட்ட ஆள் என்பதும் தெரிந்துவிடும். ‘ஸ்கைஃபால்’ ரயில் காட்சியும் அப்படித்தான்: பின்பக்கம் பிய்ந்த பெட்டிக்குள் குதித்து இறங்கியவர் சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டு நடப்பார். குதித்து முடித்த பிறகு, கவனியுங்கள்.

‘குவாண்டம் ஆஃப் சோலஸ்’ மட்டும் நிஜமாகவே வறட்சி. அதற்கு நான் ஊகிக்கிற காரணம், ஊகம்தான், கொள்கையைவிடச் சாதாரணமானது. அப்போது ஹாலிவுட்டில் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். திரைக்கதை முடியாமலே படப்பிடிப்புக்குப் போனார்கள், கிரேக்கும் இயக்குநர் மார்க் ஃபார்ஸ்டரும் தாங்களே காட்சிகளைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. சண்டையை ஸ்டன்ட் மாஸ்டரை வைத்து ஒப்பேற்றிவிடலாம், நல்ல ஒற்றை வரியை எழுத எழுத்தாளர்தான் வேண்டும். மற்றபடி பாண்ட் செத்தே போகிற 2021 படமான ‘நோ டைம் டு டை’யிலும், கடைசிப் பகுதிச் சண்டை ஒன்றில் கைக்கடிகாரத்தின் மின்காந்த அலையால் எதிராளியின் செயற்கைக் கண்ணை வெடிக்க வைத்துவிட்டு, உன் கடிகாரத்தைக் காட்டினேன், அவனுக்கு மூளையே கலங்கிப்போச்சு என்கிற மாதிரி, பாண்டுக்குக் கருவிகள் செய்து தரும் க்யூவிடம் சொல்வார். அறுபது வருடப் பழைய கானரி வகை ஜோக். கொஞ்ச நேரத்தில் அவர் இருக்கப்போவதில்லை என்பதால் அது இன்னும் நன்றாக இருக்கிறது.

இதில் என் ரசனை எவ்வளவு, தொழில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆபத்தின் மேல் ஜோக்கை வைத்தால் ஆபத்து கரையும் என்பதை டேபிளில் பலதடவை பார்த்திருக்கிறேன், அதில் உறுதியாக நிற்பேன். ஆபத்து கரைவது எல்லோருக்கும் நஷ்டமா என்பது வேறு விஷயம். பத்து வயதில் மூரைத் தியேட்டரில் பார்த்தவருக்குப் பயப்படாமல் சிரிப்பதே டிக்கெட் காசுக்கான சரக்காக இருந்திருக்கலாம். அவரிடம் போய் அந்தப் புறா தப்பு என்று நான் வாதாட முடியாது.

வேண்டுமானால் அடுத்த முறை மாமா வரும்போது ஒன்று செய்யுங்கள். அந்த 1974 கார் தாண்டலைப் போட்டு, பாலம் தெரிகிறபோது ரிமோட்டில் ஒலியை நிறுத்திவிடுங்கள். கார் சுற்றி இறங்குகிறவரை யாரும் பேச வேண்டாம். அப்புறம் ஒலியோடு இன்னொரு தடவை. இரண்டு தடவையும் திரையைப் பார்க்காதீர்கள், மாமாவின் முகத்தைப் பாருங்கள்.